அடைப்பு வளையமும் ஹைட்ரஜனும்: தேய்தல் என்னும் வினை பற்றிய ஒரு விளக்கம்

இயந்திரத்தின் இரு பகுதிகள் கூடும் இடத்தில் வாயுவோ திரவமோ வெளியேறாமல் காக்கும் பொருளை ஆங்கிலத்தில் ‘சீல்’ என்கின்றனர். இதனைத் தமிழாக்கப் புகுவோர் பலர், அகராதியில் முதலில் தென்படும் ‘முத்திரை’ என்னும் சொல்லை எடுத்து வைத்துவிடுகின்றனர். ஆவணத்தில் இடும் முத்திரை வேறு; குழாயில் கசிவைத் தடுக்கும் வளையம் வேறு. ‘பாலிமர் முத்திரைகளின் உராய்வு’ என்னும் தொடரைப் படிக்கும் மாணவன் அஞ்சலகத்து அரக்கை நினைப்பானேயன்றி இயந்திரத்தை நினையான். நீர்க்குழாய் பழுதுபார்ப்போர் இதன் எளிய வடிவத்தை ‘வாசர்’ என்பர். சமையலறையில் ‘குக்கர் ரப்பர்’ என்பர். இவ்விரண்டு வழக்குகளும் பொருளைச் சரியாகவே காட்டுகின்றன. நாம் இவ்வுரையில் ‘அடைப்பு வளையம்’ என்று கூறுவோம்.

மொழிக்குரிய மேடையில் இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 2019ஆம் ஆண்டில் சரவாக் மாநிலத்தின் கூச்சிங் நகரில் ஹைட்ரஜன் உற்பத்தி நிலையமும் நிரப்பு நிலையமும் தொடங்கப்பட்டன; ஹைட்ரஜனால் இயங்கும் பேருந்துகளும் அங்கே அறிமுகமாயின. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் நம் நாட்டின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க அமைச்சு ஹைட்ரஜன் பொருளாதாரத்துக்கான தேசியத் திட்டவரைவை வெளியிட்டது. கோலாலம்பூருக்குத் தெற்கே பாங்கியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் எரிபொருள் மின்கல ஆய்வுக்கழகம் பல்லாண்டுகளாக இத்துறையில் இயங்கி வருகிறது. இன்று தமிழ்ப்பள்ளியில் உராய்வு விசையைப் படிக்கும் பிள்ளைகளுள் சிலர் நாளை இவ்வளையங்களோடு தொழில் செய்யக்கூடும். அறிவியலை எம்மொழியில் கற்பிப்பது என்னும் வழக்கு 2003ஆம் ஆண்டுத் திட்டத்தோடு எழுந்து, 2016இல் வந்த இருமொழித் திட்டத்தோடு மீண்டும் எழுந்து, இன்னும் ஓயவில்லை. அவ்வழக்கில் ‘தமிழால் முடியும்’ என்று முழங்குவதைவிட, கடினமான ஒரு பொருளை எடுத்துத் தமிழில் விளக்கிக் காட்டுவதே பயனுடையது என்பது நம் கருத்து.

வாயுவின் இயல்பு

ஹைட்ரஜனை ஈழத்து நூல்கள் ‘ஐதரசன்’ என்றும், தனித்தமிழ் நூல்கள் ‘நீரகம்’ என்றும் எழுதும். பெயர் எதுவாயினும் அதன் மூலக்கூறு மிகச் சிறியது. அதன் பாகுமை காற்றின் பாகுமையில் ஏறத்தாழ பாதியே; ஆகவே நுண்ணிய இடைவெளியிலும் எளிதாக ஓடும். காற்றில் 4 விழுக்காடு கலந்தாலும் தீப்பற்றும். 75 விழுக்காடு வரை அத்தன்மை நீங்காது. அதனைப் பற்றவைக்க வேண்டிய ஆற்றல், இயற்கை எரிவாயுவுக்கு வேண்டுவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மணமோ நிறமோ இல்லை.

இத்தகைய வாயுவை ஊர்தியின் கலத்தில் 700 பார் அழுத்தத்தில் அடைத்து வைக்கின்றனர். நம் மகிழுந்துச் சக்கரத்தில் உள்ள காற்றின் அழுத்தம் இரண்டு பாருக்குச் சற்றே மிகுதி என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அளவு விளங்கும். விரைவாக நிரப்பும்போது வாயு சூடேறும் ஆதலால், அதனை முன்னதாகவே பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை வரை குளிர்விப்பர். கலத்தினுள் வெப்பம் 85 பாகையைத் தாண்டலாகாது. ஒரே வளையம் இக்கடுங்குளிரையும் வெப்பத்தையும் நாள்தோறும் மாறிமாறித் தாங்க வேண்டும்.

வளையங்கள் இருவகை. அசையாத இரு பகுதிகளுக்கிடையே அமர்ந்திருப்பது ஒருவகை; குக்கர் ரப்பர் இதனைச் சார்ந்தது. அசையும் தண்டையோ பிஸ்டனையோ தழுவிக்கொண்டு, அது முன்னும் பின்னும் போகும்போதெல்லாம் உரசுவது மற்றொரு வகை. வாயுவை அமுக்கும் கம்ப்ரசரிலும், திறந்து மூடும் வால்வுகளிலும் இருப்பது இது. தேய்மானம் பெரிதும் இரண்டாம் வகையையே தாக்குகிறது.

தேய்ந்தது, தேய்த்தது

தமிழில் உரசுதல் பற்றிய வினைகள் மிகப் பல. உரை, உரசு, உராய், உரிஞ்சு ஆகியவற்றைப் பர்ரோவும் எமனோவும் தம் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் ஒரே பதிவின்கீழ்த் தொகுத்துள்ளனர். இவற்றோடு தேய், சிராய், அரை, இழை, தீட்டு, மழுங்கு எனப் பிறவும் உள. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. கரடான பரப்பு மென்மையான பரப்பைக் கீறிச் செல்வது சிராய்த்தல். சிறுகச் சிறுக அளவு குன்றுவது தேய்தல். கூர்மை போவது மழுங்குதல். ஆங்கிலத்தில் அடைமொழி சேர்த்துப் பிரிப்பனவற்றுட் சில தமிழில் தனித்தனிச் சொல்லாகவே நிற்கின்றன. கலைச்சொல் ஆக்குவோர் ‘தேய்மானம்’ ஒன்றையே எல்லா இடத்திலும் போட்டு நிரப்புவது நம்மிடம் உள்ள செல்வத்தை நாமே பூட்டி வைப்பதாகும். கணக்கியலார் வேறு அச்சொல்லைத் தம் பங்குக்கு எடுத்துக்கொண்டுவிட்டனர்.

‘தேய்’ என்பதில் இன்னொரு நுட்பம் உண்டு. ‘வளையம் தேய்ந்தது’ என்றால் தன்வினை. ‘தண்டு வளையத்தைத் தேய்த்தது’ என்றால் பிறவினை. தன்வினையைச் சொல்லும்போது யார் தேய்த்தார் என்பது மறைந்துவிடுகிறது. இயந்திரம் பழுதானபோது எழுதப்படும் அறிக்கைகள் பெரும்பாலும் தன்வினையிலேயே அமைவன. தேய்த்தது யாது என்று கேட்பதிலிருந்துதான் ஆய்வு தொடங்குகிறது.

கேள்வியை இன்னும் விரிக்க நம் இலக்கணமே வழிகாட்டுகிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் வேற்றுமை மயங்கியல், ஒரு தொழிலோடு இயையும் கூறுகளை எட்டாக எண்ணுகிறது. செய்பவரும் செயப்படுபொருளும் மட்டுமன்றி, நிகழும் நிலமும் காலமும் கருவியும் அவற்றுள் அடங்கும். பின்வந்த நன்னூல், வினைச்சொல்லை விளக்குமிடத்து ஆறு கூறுகளைக் கொள்கிறது. எண்ணிக்கை குறைந்தபோதும் நிலம் விடுபடவில்லை. இவ்விலக்கணிகள் இயந்திரவியல் கற்பித்தார்கள் என்று சொல்ல நாம் வரவில்லை; அத்தகைய பெருமை பேசுவோரிடம் நமக்கு உடன்பாடில்லை. ஒரு வினையை முழுமையாகச் சொல்ல எவையெவை வேண்டும் என்பதை அவர்கள் பட்டியலிட்டனர் என்பதே செய்தி. பள்ளி நூல்களில் உராய்வைப் பற்றி நாம் சொல்லும்போது பரப்பின் தன்மையையும் எடையையும் கூறி நிறுத்திவிடுகிறோம். உரசல் எந்த நிலத்தில் நடக்கிறது, அதாவது சுற்றிலும் காற்றா, நீரா, வேறு வாயுவா என்பதைச் சொல்வதில்லை. ஹைட்ரஜனுள் அமைந்த வளையத்தைப் புரிந்துகொள்ள முதன்மையாக வேண்டுவது அந்த விடுபட்ட கூறுதான்.

காற்று செய்துவந்த பணி

அசையும் இடத்தில் எண்ணெய் இட்டால் உராய்வு குறையும் என்பது யாவரும் அறிந்தது. கிள்ளானை அடுத்த காப்பாரில் உள்ளது போன்ற பெரிய அனல்மின் நிலையங்களில், பெரும் மின்னாக்கிகளின் வெப்பத்தைத் தணிக்க அவற்றினுள் ஹைட்ரஜனைச் சுற்றவிடுவது உலக வழக்கம். அங்கே சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய்ப் படலம் ஒன்றை அழுத்தத்துடன் நிறுத்தி, வாயு கசியாமல் தடுப்பர். ஊர்திகளுக்கான ஹைட்ரஜனில் இவ்வழி அடைபட்டுவிடுகிறது. எரிபொருள் மின்கலத்துக்குச் செல்லும் வாயு 99.97 விழுக்காடு தூயதாக இருத்தல் வேண்டும். எண்ணெய்ச் சுவடும் மின்கலத்தின் வினையூக்கியைக் கெடுக்கும். ஆகவே வளையம் எண்ணெயின்றி உலர்ந்தே உரச வேண்டும்.

உலர்ந்து உரசுவதற்குப் பெயர்பெற்ற பாலிமர், ஒட்டாத வாணலியின் பூச்சாக நாம் அறிந்த டெஃப்லான். அது செயல்படும் முறையை விளக்கப் பொற்கொல்லரின் உரைகல்லைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் உள்ள நகைக்கடைகளில் இன்று பொன்னைச் சோதிக்கக் கருவிகள் வந்துவிட்டன. பழைய முறையில், பொன்னைக் கரிய கல்லில் உரைத்துப் பார்ப்பர். பொன்னின் மெல்லிய கோடு கல்லில் படியும். மென்மையான பொருள் தன்னில் ஒரு சிறிது இழந்து, கடினமான பொருளின்மேல் படலமாக ஒட்டிக்கொள்கிறது. டெஃப்லான் வளையமும் எஃகுத் தண்டின்மேல் அவ்வாறே ஒரு படலத்தைப் பூசுகிறது. அதன்பின் டெஃப்லான் உரசுவது எஃகோடு அன்று, தன் இனத்தோடேயாம். உராய்வு மிகவும் குறைந்துவிடும். தனி டெஃப்லான் விரைவில் தேயும் ஆதலால் கரி, வெண்கலம், கண்ணாடி இழை முதலியவற்றைக் கலந்து உறுதியாக்குவர். கலப்பு சரியாக அமைந்தால் தேய்மானம் நூறு மடங்குக்கு மேலும் குறைவதுண்டு.

இப்படலத்தை ஆங்கில நூல்கள் ‘மாற்றப் படலம்’ என்னும் பொருள்படக் கூறுகின்றன. நம் தோட்டங்களில் பால்மரம் சீவியோர், வெட்டுக்காயத்தில் படிந்து உலர்ந்த மெல்லிய பாலை ‘ஒட்டுப்பால்’ என்றனர். அடுத்தமுறை சீவுமுன் அதனை உரித்தெடுப்பர். அவ்வழியைப் பின்பற்றி இதனை ‘ஒட்டுப்படலம்’ என்று வழங்கலாம் என்று முன்மொழிகிறோம்.

ஒட்டுப்படலம் தண்டில் நிலைத்திருப்பது எதனால்? எஃகின் மேற்பரப்பு காற்றில் எப்போதும் ஆக்சைடு என்னும் மெல்லிய போர்வையோடு இருக்கும். உரசலில் அது கிழிந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் உடனே புதுப்பித்துவிடும். காற்றின் ஈரமும் பரப்புகளில் படிந்து பங்காற்றும். ஹைட்ரஜனுள் இவ்விரண்டும் இல்லை. கிழிந்த போர்வை மீண்டும் நெய்யப்படுவதில்லை. வெற்று உலோகம் வெளிப்படுகிறது. படலம் ஒட்டும் விதமே மாறுகிறது. ஹைட்ரஜனில் பத்து இலட்சத்தில் சில பங்கு என்னும் அளவில் நீராவியோ ஆக்சிஜனோ கலந்திருப்பதும்கூடத் தேய்மானத்தைப் பெரிதும் மாற்றிவிடுகிறது. காற்றில் அளந்து கையேட்டில் அச்சிட்ட உராய்வுக் குணகத்தை இங்கே அப்படியே எடுத்தாள்வது பிழை.

சூழல் செய்யும் இவ்வேலையை உலகம் முன்பும் ஒருமுறை இழப்பின் வழியாகவே கற்றது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறக்கத் தொடங்கியபோது, மின்னாக்கிகளில் இருந்த கரித்துண்டுகள் சில மணி நேரத்திலேயே பொடியாகித் தீர்ந்தன. தரையில் அவை நெடுங்காலம் உழைத்தவை. கரி வழுவழுப்பாக இருப்பது அதன் தனிக்குணம் என்றே அதுவரை நம்பியிருந்தனர். காற்றின் ஈரமே அதற்கு உதவியது என்பது பின்னர்த் தெரிந்தது.

ரப்பரின் உள்ளே

டெஃப்லானுக்கு வெளியே நிற்கும் சூழல், ரப்பருக்குள் புகுந்தே விடுகிறது. அழுத்தத்தில் ஹைட்ரஜன் ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே கரைகிறது; ரப்பர் உப்புகிறது; மென்மையாகிறது. உப்பிய வளையம் தண்டை இறுகப் பற்றும். மென்மையானது எளிதில் கிழியும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பசிபிக் வடமேற்குத் தேசிய ஆய்வகத்தார், உயரழுத்த ஹைட்ரஜனுக்குள்ளேயே வைத்து உரசலை அளக்கும் கருவியொன்றைச் செய்து 2017இல் வெளியிட்டனர். நைட்ரைல் ரப்பர் காற்றில் உரசுவதைவிட ஹைட்ரஜனில் மிகுதியான உராய்வையும் தேய்மானத்தையும் காட்டியது. வாயுவில் ஊறவைத்து எடுத்துப் பின் வெளியே அளப்பது போதாது. அந்நிலத்திலேயே அளக்க வேண்டும் என்பதை அவர்கள் வேலை உணர்த்தியது.

அழுத்தம் திடீரென இறங்கும்போது வேறொரு கேடு நேர்கிறது. சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழ்கள் எழுவதைப் போல, கரைந்திருந்த வாயு ரப்பருக்குள் குமிழாகத் திரள்கிறது. வெளியேற வழியின்றி உள்ளேயே பிளவை உண்டாக்குகிறது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை விரிவாக ஆராய்ந்தனர். ரப்பருக்கு வலுவூட்டக் கலக்கும் கரித்தூள் தானும் ஹைட்ரஜனை ஈர்த்து வைத்துக்கொள்வதையும், சிலிகா கலந்த ரப்பரில் அவ்வாறு மிகுதியாகத் தேங்காமையையும் கண்டனர். வலுவூட்டச் சேர்த்த பொருளே வாயுவுக்குக் களஞ்சியமாகிவிடுகிறது.

ரப்பருக்குள் ஒரு சிறு குழி எப்போது கட்டுக்கடங்காமல் விரியும் என்பதற்கான அடிப்படைக் கணக்கு ஐம்பதுகளின் இறுதியில் ஆலன் ஜென்ட், லின்ட்லி ஆகிய இருவரால் வெளியிடப்பட்டது. ரப்பரின் மீள்தன்மைக் குணகத்தில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கை உள்ளழுத்தம் எட்டினால் குழி விரியும் என்பது அதன் சாரம். மென்மையான ரப்பருக்கு அது சில பத்து பார் மட்டுமே. 700 பாரின் முன் அது எம்மாத்திரம்? அவ்விருவரும் பணியாற்றியது இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் நகரில், 1938இல் நிறுவப்பட்ட ரப்பர் உற்பத்தியாளர் ஆய்வுச் சங்கத்தில். ரப்பர் வழுக்கும்போது முழுப்பரப்பும் ஒருங்கே நகராமல், கம்பளிப்புழு ஊர்வதுபோல் மடிப்பு மடிப்பாக நகர்கிறது என்பதை 1971இல் காட்டிய அடால்ஃப் ஷாலமாக்கும் அதே நிறுவனத்தவரே. அம்மடிப்புகள் இன்றும் ‘ஷாலமாக் அலைகள்’ என வழங்குகின்றன.

அந்நிறுவனத்தின் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? மலாயாவிலிருந்து ஏற்றுமதியான ரப்பரின்மீது விதித்த ஆய்வுத் தீர்வையிலிருந்து வந்தது. அந்த ரப்பரைச் சீவியோருள் பெருந்தொகையினர் தமிழர். கிள்ளான், காப்பார் வட்டாரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, நிரை பிடித்து, மங்கில் வடிந்த பாலைச் சேர்த்தவர்களின் உழைப்பில் ஒரு துளி அந்த ஆய்வகத்தின் மேசைக்கும் சென்றது. 1925இல் தொடங்கப்பட்டுச் சுங்கை பூலோவில் ஆய்வுத் தோட்டம் நடத்திய ரப்பர் ஆய்வுக் கழகத்தை நம்மவர் அறிவர். கடல்கடந்த இக்கிளையைப் பலர் அறியார். அதன் வழிவந்த ஆய்வு மையம் இன்றும் இங்கிலாந்தில் மலேசிய ரப்பர் வாரியத்தின் கீழ் துன் அப்துல் ரசாக்கின் பெயரில் இயங்குகிறது. ஹைட்ரஜன் வளையங்களுக்கு இன்று பயன்படுவது பெரும்பாலும் பெட்ரோலிய வழி வந்த செயற்கை ரப்பரே. பால்மரத்து ரப்பர் ஹைட்ரஜனை எளிதில் ஊடுருவ விடுகிறது. ஆயினும் ரப்பர் எவ்வாறு உரசுகிறது, எவ்வாறு உள்ளிருந்து பிளக்கிறது என்னும் அறிவில் நம் தோட்டங்களுக்கும் பங்குண்டு. ‘இத்துறை நமக்கு அயலானது’ என்று ஒரு மாணவன் கூறினால் இவ்வரலாற்றை எடுத்துச் சொல்லலாம்.

இரண்டு நிகழ்வுகள்

வளையத்தருகே நேரும் சிறு பற்றுதல் எத்துணைப் பெரிய விளைவைத் தரும் என்பதற்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் கடுங்குளிர் எந்திரம், திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் சோதிக்கப்பட்டு, 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் ஜி.எஸ்.எல்.வி. டி3 ஏவூர்தியில் பறந்தது. அதற்கு எரிபொருள், பூச்சியத்துக்குக் கீழ் 253 பாகையில் உள்ள திரவ ஹைட்ரஜன். அதனை முன்செலுத்தும் துணை விசையேற்றி நிமிடத்துக்கு 34,800 சுற்று வேகத்தை எட்டியது. எந்திரம் எரியத் தொடங்கி 0.9 வினாடியில் அதன் வேகம் சரிந்தது, அடுத்த 0.6 வினாடியில் நின்றுவிட்டது. ஏவூர்தி கடலில் விழுந்தது. ஆய்வுக் குழு இயலக்கூடிய இரு காரணங்களைக் கூறியது: ஓர் அடைப்பு இடத்தில் சுழலி பற்றிக்கொண்டமை, அல்லது உறை வெடித்தமை. கடுங்குளிரில் பாகங்கள் சுருங்குவதையும் விரிவதையும் கருத்திற்கொண்டு அவ்விசையேற்றியைத் திருத்தியமைத்தனர். 2014ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் டி5 வெற்றியுடன் பறந்தது. அங்கும் பொருளைக் காட்டிலும் நிலமே வினாவாக நின்றது.

மற்றொன்று 2022இல் அமெரிக்காவில் நேர்ந்தது. நிலவை நோக்கிய ஆர்ட்டெமிஸ் 1 ஏவுதல் செப்டம்பர் 3ஆம் நாள் திரவ ஹைட்ரஜன் கசிவால் நிறுத்தப்பட்டது. குழாய் இணைப்பின் அடைப்பு வளையத்தில் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான ஒரு பள்ளம் காணப்பட்டது. வளையம் மாற்றப்பட்டது; ஏவூர்தி நவம்பர் 16ஆம் நாள்தான் புறப்பட்டது.

வகுப்பறைக்கு

ஆசிரியர்கள் இதனை எளிய சோதனையால் தொடங்கலாம். ஓர் அழிப்பான் துண்டை எடுத்து, உலர்ந்த கண்ணாடியில் ஒருமுறையும், நீர் தெளித்த கண்ணாடியில் ஒருமுறையும், முகப்பூச்சு மாவு தூவிய கண்ணாடியில் ஒருமுறையும் இழுக்கச் செய்க. அழிப்பானும் கண்ணாடியும் மாறவில்லை. இழுக்க வேண்டிய விசையோ ஒவ்வொரு முறையும் வேறாகிறது. பின்னர் மெழுகுவர்த்தியை ஓட்டின்மேல் பலமுறை தேய்த்து, எத்தனையாவது முறையிலிருந்து அது வழுக்கத் தொடங்குகிறது என்று எண்ணச் செய்க. ஒட்டுப்படலம் கண்ணெதிரே உருவாகும். முடிவுகளை எழுதும் அட்டவணையில் ‘தேய்ந்தது’, ‘தேய்த்தது’ என்னும் இரண்டு பத்திகளோடு ‘நிலம்’, ‘காலம்’ என இன்னும் இரண்டு பத்திகளை வரைக. மூன்றாம் பத்தியை வெற்றாக விட்டுவரும் மாணவனிடம், அங்கே ‘காற்று’ என்று எழுத வேண்டுமா என்று கேட்பது போதும்.